மாயமற்ற அன்பு: ஒரு வார்த்தையை நம்பி வந்த 80,000 கலம் நெல்

(வேத பாடம். வாசிக்க வேண்டிய பகுதிகள்: ரோமர் 12:9-21; சங்கீதம் 15; 1 யோவான் 3:16-18)



அன்பைப் பற்றி நாம் கேட்காத பிரசங்கம் இல்லை. கன்வென்ஷன் பந்தலிலே கேட்டோம், உபவாச ஜெபத்திலே கேட்டோம், வாலிபர் கூட்டத்திலே கைதட்டிப் பாடினோம். ஆனால் அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதும்போது, அன்பு வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அதற்கு ஒரு நிபந்தனை போடுகிறார். அந்த அன்பிலே மாயம் இருக்கக் கூடாது என்கிறார் (ரோமர் 12:9). அன்பு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த அன்பை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு நம்முடைய தஞ்சாவூர் மண்ணிலேயே ஒரு பெரிய பதில் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1. மாயமற்ற அன்பு என்றால் என்ன?

பவுல் இந்த இடத்தில் எழுதிய கிரேக்க வார்த்தை 'அனுப்பொக்ரிட்டோஸ்'. 'ஹுப்பொக்ரிட்டேஸ்' என்றால் மேடையிலே நடிக்கிறவன். முகமூடி போட்டுக்கொண்டு வேறொருவனாகப் பேசுகிறவன். ஆகவே 'அனுப்பொக்ரிட்டோஸ்' என்றால் வேஷம் கட்டாத அன்பு என்று அர்த்தம்.

நம்ம ஊர் கூத்திலே பார்த்திருப்பீர்கள். ராத்திரி முழுக்க ஒருத்தர் ராஜா வேஷம் கட்டி, கிரீடம் வைத்து, ஊருக்கே தானம் கொடுப்பார். விடிஞ்சா அரிதாரத்தைக் கலைச்சிட்டு டீக்கடையிலே கடன் சொல்லிக்கிட்டு நிற்பார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அது அவர் தொழில். பார்க்கிறவனுக்கும் அது வேஷம் என்று தெரியும். ஆனால் அன்பிலே வேஷம் கட்டினால் எதிரிலே நிற்கிறவனுக்குத் தெரியாது. அவன் அதை நம்பி வருவான், நம்பி ஏமாந்து போவான். மோசம் அங்கேதான் இருக்கிறது.

விவசாயம் பார்க்கிறவர்களுக்கு இதை இன்னொரு விதமாகச் சொல்லலாம். நாற்றங்காலுக்கு விதைநெல் எடுக்கும்போது உப்புக் கரைசல் வைத்துப் பார்ப்பது உண்டல்லவா? கோழிமுட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, அதிலே விதையைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மேலே வந்துவிடும். கனமான மணி அடியிலே தங்கும். மூட்டைக்குள்ளே இருக்கிற வரைக்கும் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே உமி. உப்புத் தண்ணியிலே போட்டால்தான் எது விதை, எது பதர் என்று தெரியும்.

தேவ பிள்ளையே, நம்முடைய அன்பையும் அப்படித்தான் சோதித்துப் பார்க்க முடியும். ஆராதனையிலே எல்லாருடைய அன்பும் ஒரே நிறமாகத்தான் தெரியும். பணநஷ்டம் வரும்போது, கூலி கொடுக்கிற நேரம் வரும்போது, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது கஷ்டமாகிறபோது எது மிதக்கிறது, எது அடியிலே தங்குகிறது என்று தெரிந்துவிடும்.

2. கோட்டைக்குள்ளே பசி

இப்போது சரித்திரத்துக்கு வருவோம். கிறிஸ்டியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்ற ஊழியக்காரரை நம்முடைய பெரியவர்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தார்கள். 1726-ஆம் வருஷம் ஜெர்மானிய தேசத்திலே பிறந்தவர். ஹாலே பட்டணத்திலே படிக்கும்போதே தமிழைக் கற்க ஆரம்பித்தார். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சிராப்பள்ளியிலே பல வருஷம் ஊழியம் செய்து, 1778-ல் தஞ்சாவூருக்கு வந்து தங்கினார். அப்போது தஞ்சையை ஆண்டவர் மராத்திய ராஜாவான துளஜா.

1780-ல் மைசூர் ஹைதர் அலிக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் யுத்தம் மூண்டது. படைகள் காவிரி தேசத்துக்குள்ளேயும் வந்தன. வயல்கள் அழிந்தன, கிராமங்கள் காலியாயின. தஞ்சைக் கோட்டைக்குள்ளே ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். காலையிலே தெருவைப் பார்த்தால் வரிசையாகப் பிணங்கள். காவல் காத்த சிப்பாய்களே பசியால் சுருண்டு விழுந்தார்கள்.

இதிலே கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நாட்டுப்புறத்திலே நெல் இருந்தது! கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தான் இல்லை. ஏன் இல்லை? முன்னாலே ஜனங்கள் மாடுகளிலே நெல் ஏற்றிக்கொண்டு வந்தபோது, துபாஷிகள் அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுக்காமல் வாயிலே போட்டுக்கொண்டார்கள். ஆகையால் ஜனங்கள் மாடுகளைக் கண்காணாத இடத்துக்கு ஓட்டிவிட்டார்கள். ராஜா உத்தரவு போட்டார். ஒருத்தரும் வரவில்லை. தன் அதிகாரிகளை அனுப்பிக் கெஞ்சிக் கேட்டார். அப்போதும் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். கோட்டைக்குள்ளே சாவு, வெளியிலே நெல். நடுவிலே நின்ற மதில் கல்லினால் கட்டின மதில் அல்ல. நம்பிக்கையில்லாமை என்கிற மதில்! கஜானாவிலே எழுதிக் கொடுக்கிற காகிதத்தை ஜனங்கள் நம்பவில்லை. ராஜாவின் முத்திரையை நம்பவில்லை. கம்பெனியாரின் வாக்கையும் நம்பவில்லை.

கடைசியிலே ராஜா துளஜா உண்மையை ஒத்துக்கொண்டார். உங்கள் பேச்சும் என் பேச்சும் இனி செல்லாது, சுவார்ட்ஸையாவது ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று ஆங்கில அதிகாரி ஒருவரிடம் சொன்னார். ஒன்றும் எழுதாத வெற்றுக் காகிதம் ஒன்றை சுவார்ட்ஸ் ஐயருக்கு அனுப்பி, ஜனங்களோடு நீங்களே ஒப்பந்தம் பேசிக்கொள்ளலாம் என்று அதிகாரம் கொடுத்தார்.

ஐயர் தாமதிக்கவில்லை. சுற்றுப்புறமெங்கும் கடிதங்கள் அனுப்பினார். அதிலே இரண்டே இரண்டு வாக்குதான். கூலியை நானே என் கையினாலே கொடுப்பேன். உங்கள் மாட்டைச் சத்துரு பிடித்துக்கொண்டால் அதற்கும் நானே பணம் கொடுப்பேன். இவ்வளவுதான்.

ஒன்றிரண்டு நாளிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன! உபதேசியார் ஒருவரையும் சபையின் விசுவாசிகள் சிலரையும் ஐயர் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போனார்கள். கொஞ்ச காலத்துக்குள்ளே 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை வீட்டிலே அடுப்பு எரிந்திருக்கும்! எல்லாம் முடிந்த பிறகு ஐயர் தாம் சொன்னபடியே அனைவருக்கும் கூலியைக் கொடுத்துத் தீர்த்தார். அதற்கு மேலே ஒரு சிறிய அன்பளிப்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார். 1794-ல் லண்டனிலுள்ள எஸ்.பி.சி.கே. சங்கத்துக்கு எழுதின கடிதத்திலே இதையெல்லாம் அவரே விவரித்திருக்கிறார்.

3. ஜனங்கள் ஏன் அவரை நம்பினார்கள்?

பஞ்சத்தன்று ஒரு நாளிலே இந்த நம்பிக்கை முளைக்கவில்லை. நாற்று விடாமல் அறுவடைக்குப் போக முடியுமா? முப்பது வருஷமாக அவர் விதைத்து வந்ததைத்தான் அன்றைக்கு அறுத்தார்.

முதலாவது, அவர் பணத்திலே சுத்தமானவர். 1779-ல் சென்னை கவர்னர் அவரை சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஹைதர் அலியிடம் அனுப்பினார். அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஹைதரே கேட்டதாகச் சொல்லுவார்கள். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். ஐயர் அதை அப்படியே கம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சையிலே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை ஆதாரமாக வைத்தார். தமக்கென்று ஒரு ரூபாயும் எடுக்கவில்லை.

இரண்டாவது, அவர் ஜனங்களோடு ஜனமாக வாழ்ந்தார். தமிழிலே பேசினார். மராத்தியும் பாரசீகமும் படித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எளிமையான சாப்பாடு, எளிமையான உடை. யுத்தம் வரப்போகிறது என்று அறிந்து முன்கூட்டியே அரிசி வாங்கி வைத்து, பஞ்சத்திலே ஏழைகளுக்குச் சோறு போட்டார். நெல்லைப் பதுக்கி வைக்கிறவனை ஊர் சபிக்கும், விற்கிறவனை வாழ்த்தும் என்பது சாலொமோனின் போதனை (நீதிமொழிகள் 11:26). இவரோ இலவசமாகவே கொடுத்தார்.

மூன்றாவது, நஷ்டத்தைத் தம்முடைய தலையிலே ஏற்றுக்கொண்டார். கடிதத்தின் இரண்டாவது வாக்கை மறுபடியும் கவனியுங்கள். மாடு போனால் என் பணம்! கர்த்தருடைய கூடாரத்திலே தங்குகிற மனுஷன் யார் என்று கேட்கிற 15-ஆம் சங்கீதம், கைநஷ்டம் ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று அவனுக்கு ஓர் அடையாளம் கொடுக்கிறது (15:4). அன்பு பேசும்போது இனிமையாக இருக்கும். ஆனால் நஷ்டத்தை யார் தாங்குவது என்கிற கேள்வி வரும்போதுதான் அதன் கனம் தெரியும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1779-ல் சமாதானம் பேசும்படி கம்பெனியார் இந்த உண்மையான மனுஷனை அனுப்பினார்கள். ஆனால் அவர்களுடைய செய்கையோ சமாதானத்துக்கு ஏற்றதாக இல்லை. ஹைதர் தம் பதில் கடிதத்திலே கம்பெனியார் மீறிய வாக்குகளை எடுத்துக் காட்டினார். அடுத்த வருஷமே யுத்தம் வந்துவிட்டது. ஆனாலும் ஹைதர் ஐயர்மேல் கோபப்படவில்லை. இந்தப் பாதிரியாரைத் தொடாதீர்கள், போகவர விடுங்கள் என்று தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளை கொடுத்திருந்தார். நல்லவனுடைய வாயை இரவல் வாங்கலாம், அவனுடைய நேர்மையை இரவல் வாங்க முடியாது. நம்ம வீட்டிலேயும் அப்படித்தான். அப்பா ஜெபவீரராய் இருக்கலாம், பாஸ்டர் ஐயா பரிசுத்தவானாய் இருக்கலாம். அவரவர் நேர்மையை அவரவர்தான் சம்பாதிக்க வேண்டும்.

4. அன்பு அன்பைப் பிறப்பிக்கும்

யுத்தம் முடிந்த பிறகு, துளஜா ராஜாவின் கடைசி வருஷங்களிலே, வரிக் கொடுமை தாங்காமல் 65,000 ஜனங்கள் தஞ்சைச் சீமையை விட்டே போய்விட்டார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. ராஜா திரும்பி வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். பழைய கதைதான், ஒருத்தரும் நம்பவில்லை. மறுபடியும் ஐயரைத்தான் கேட்டார்கள். உங்களுக்கு நன்மை செய்யப்படும், இது என் வாக்கு என்று அவர் சொன்னார். ஒரே நாளிலே 7,000 பேர் திரும்பினார்கள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

சாகுபடிப் பருவம் கிட்டத்தட்டக் கடந்துவிட்டது, தாமதிக்காமல் வேலை செய்யுங்கள் என்று ஐயர் அவர்களுக்குச் சொன்னார். அந்த விவசாயிகள் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? நீங்கள் எங்களுக்குப் பட்சம் காட்டினீர்கள், அதற்காக நீங்கள் வருத்தப்படும்படி விடமாட்டோம், இராப்பகலாகப் பாடுபடுவோம் என்றார்கள். நம்பத்தக்க அன்பு எதிரே இருக்கிறவனையும் நம்பத்தக்கவனாக்கி விடுகிறது. மாயமான அன்போ அவனையும் மாயக்காரனாக்கும். நீங்கள் கணக்கிலே ஏமாற்றினால் அவன் வேலையிலே ஏமாற்றுவான். குடும்பமும் சபையும் கெடுவது இப்படித்தான்.

5. மரக்காலிலும் கூலியிலும் அன்பு

இனி நம்முடைய அன்றாட ஜீவியத்துக்கு வருவோம். அன்பு என்றாலே நமக்குக் கண்ணீரும் பாட்டும்தான் ஞாபகம் வருகிறது. வேதமோ அன்பைத் தராசுக்கும் படிக்கும் கொண்டு போகிறது. பிறனை நேசி என்று கட்டளையிடுகிற லேவியராகமம் 19-ஆம் அதிகாரமே, கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்றும் (19:13), அளவும் நிறையும் நியாயமாய் இருக்க வேண்டும் என்றும் (19:35-36) சொல்லுகிறது. ஒரே அதிகாரம்! நாம்தான் அன்பை ஞாயிற்றுக்கிழமைக்கும், தராசைத் திங்கட்கிழமைக்கும் பிரித்து வைத்துவிட்டோம்.

கூலியிலே அன்பில்லாமல் போனால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நம்முடைய டெல்டாவே சாட்சி. கீழ்வெண்மணி அன்றைக்குத் தஞ்சாவூர் மாவட்டம், இன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டம். விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டுப் போராடின காலம். 1968 டிசம்பர் 25 ராத்திரி, உயிருக்குப் பயந்து ஜனங்கள் ஒளிந்திருந்த குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. தலித் மக்கள் 44 பேர் மாண்டார்கள். அதிலே பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும்தான். உலகமெல்லாம் சமாதானப் பாட்டுப் பாடின அதே ராத்திரி! அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தேவனுடைய செவிக்குக் கேட்கும்படி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினதை (5:4) டெல்டாவிலே இருக்கிற நாம் மறக்கவே கூடாது.

இன்றைக்கு மரக்கால் போய் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. அறுக்கிறதற்கு மெஷின் வந்துவிட்டது. சோதனை மட்டும் மாறவில்லை. நெல் கொள்முதல் நிலையத்திலே ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். மூட்டையின் மேலே காய்ந்த நெல், நடுவிலே ஈர நெல் என்று வைக்கிற விவசாயி நம்மிலே இருக்கலாம். மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தால்தான் எடை போடுவேன் என்று கைநீட்டுகிறவரும் நம்ம சபையிலே உட்கார்ந்திருக்கலாம். "எல்லாரும்தானே பாஸ்டர் செய்யறாங்க" என்று சொல்லலாம். எல்லாரும் செய்தபடியால்தான் அன்றைக்குக் கோட்டைக்குள்ளே ஜனங்கள் செத்தார்கள் என்பதை ஞாபகத்திலே வைத்துக்கொள்ளுங்கள்.

நடவுக்கு வந்த அக்காவுக்கு சாயந்திரமே கூலி போய்ச் சேருகிறதா? அல்லது, "சில்லறை இல்லக்கா, நாளைக்கு வாங்க" என்கிறோமா? கையிலே இருக்கும்போது போய் நாளைக்கு வா என்று சொல்லாதே என்பது வேதத்தின் ஆலோசனை (நீதிமொழிகள் 3:28). அந்த அக்காவுக்கு நாளைக்கு என்றால் இன்றைக்கு அடுப்பு இல்லை என்று அர்த்தம்.

6. வீட்டுக்குள்ளே அன்பு

வெளியிலே பத்து பேருக்கு நல்லவராய் இருப்பது சுலபம். வீட்டிலே இருக்கிற நாலு பேருக்கு நல்லவராய் இருப்பதுதான் கஷ்டம். வேஷத்தைக் கலைத்துவிட்டு நாம் உட்காருகிற இடம் அதுதான்.

கணவன்மாரே, வாங்கின கடனை மனைவிக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறீர்களா? கடன்காரன் வாசலுக்கு வருகிற அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டுமா? சகோதரிகளே, மகளிர் குழுவிலே ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்குகிறோம். என் தவணையை நான் கட்டாவிட்டால் என் சகோதரி அல்லவா கட்ட வேண்டும்? "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் தலையிலே சுமையை வைப்பது எந்த விதமான அன்பு? பெற்றோரே, வாசலிலே ஆள் வந்தால், "அப்பா வீட்டிலே இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோமே. அன்றைக்கு அந்தப் பிள்ளை பொய்யை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நம்ம அப்பா பேச்சை நம்பக் கூடாது என்பதையும் கற்றுக்கொள்ளுகிறது.

அதே சமயத்தில் எச்சரிக்கை ஒன்று. "நான் உள்ளதைச் சொல்றவன், மனசிலே ஒண்ணும் வைச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் நடுவிலே மனுஷரைக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது நேர்மை அல்ல, அன்பில்லாத உண்மை. எபேசியர் 4:15-ல் பவுல் சத்தியத்தையும் அன்பையும் சேர்த்தே வைக்கிறார். சத்தியமில்லாத அன்பு முகஸ்துதி. அன்பில்லாத சத்தியம் அரிவாள். மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்கிற பல வீடுகளிலே இந்த இரண்டிலே ஒன்றுதான் காரணமாயிருக்கிறது.

7. சபைக்குள்ளே அன்பு

நாம் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோம். நல்லது. அந்நியபாஷைகளும் தீர்க்கதரிசனமும் வேண்டும் என்று வாஞ்சிக்கிறோம். அதுவும் நல்லதே. ஆனால் அன்பு இல்லாவிட்டால் அவையெல்லாம் வெறும் சத்தம்தான் என்று 1 கொரிந்தியர் 13 ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. சத்தத்துக்கும் சாட்சிக்கும் வித்தியாசம் உண்டு.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன் பிரதர்" என்று கைகுலுக்கிச் சொல்லிவிட்டு, தெருமுனையைத் தாண்டுவதற்குள் மறந்து போகிறோம். ஜெபிக்க முடியாவிட்டால் சொல்லாதீர்கள். சொன்னால், அங்கேயே நின்று இரண்டு நிமிஷம் ஜெபித்துவிட்டுப் போங்கள். உடுக்கத் துணியும் சாப்பாடும் இல்லாத சகோதரனிடத்திலே நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார் (2:15-16). ஊழியக்காரர்களாகிய எங்களுக்கும் இதிலே பங்கு உண்டு. காணிக்கைக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சபை முன்னாலே வாசிக்கிற போதகருக்குப் பயமில்லை.

இன்னொரு காரியத்தையும் மூடி வைக்க முடியாது. சுவார்ட்ஸ் ஐயரை நாம் தெய்வமாக்கக் கூடாது. அவருடைய காலத்திலேயே தஞ்சைச் சபையிலே சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. அதை அவர் முற்றிலும் ஒழிக்கவில்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபையிலே சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாக எழுதினபோது, தஞ்சாவூரிலே அநேகர் சபையை விட்டே வெளியேறினார்கள். நெல்லிலே காட்டின நேர்மை ஆலயத்திலே விரித்த பாய் வரைக்கும் வந்து சேரவில்லை. இன்றைக்கு நம்ம சபையிலே ஒரே பாய்தான், ஒரே அப்பந்தான். ஸ்தோத்திரம். ஆனால் ஆராதனை முடிந்து, கல்யாணப் பேச்சு வரும்போது? காலனித் தெரு விசுவாசி வீட்டிலே துக்கம் என்றால் நாம் போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுகிறோமா? சகோதரன் என்ற வார்த்தை அங்கேதான் உப்புத் தண்ணியிலே விழுகிறது. மிதக்கிறதா, தங்குகிறதா?

8. இதை எப்படிப் பழகுவது?

அன்பு ஆவியின் கனி (கலாத்தியர் 5:22). கனி ஒரு நாளிலே பழுக்காது. ஆனாலும் சம்பா பயிருக்குத் தண்ணி பாய்ச்சுகிறது போல அன்றாடம் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, குறைவாக வாக்குக் கொடுங்கள். ஐயர் இரண்டே வாக்குகள்தான் கொடுத்தார், இரண்டையும் காப்பாற்றினார். ஆம் என்றால் ஆமாகவே இருக்கட்டும், இல்லை என்றால் இல்லையாகவே இருக்கட்டும் என்பது இயேசுவின் போதனை (மத்தேயு 5:37).

இரண்டாவது, பழைய பாக்கியைத் தீருங்கள். சகேயு வீட்டுக்கு இரட்சிப்பு வந்தபோது அவன் பாட்டுப் பாடினதாக எழுதியிருக்கவில்லை. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான் (லூக்கா 19:8). கைமாற்று, மளிகைக் கடன், கூலி பாக்கி எல்லாவற்றையும் ஒரு நோட்டிலே எழுதி ஒவ்வொன்றாகத் தீருங்கள். முடியாவிட்டால் நேரிலே போய், "அண்ணே, இந்த மாசம் முடியல, அறுப்பு முடிஞ்சதும் தந்துடறேன்" என்று சொல்லுங்கள். ஒளிந்து திரிவதைவிட அது எவ்வளவோ மேலானது.

மூன்றாவது, உங்களுக்குத் திருப்பிச் செய்ய முடியாத ஒருவருக்கு இந்த மாதம் ஒரு நன்மை செய்யுங்கள். அதை சாட்சி நேரத்திலே சொல்லாதீர்கள்.

முடிவாக ஒன்று. சுவார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரிலே காலமானார். துளஜா ராஜாவின் சுவீகாரப் புத்திரனான சரபோஜி, அநாதை போலத் தள்ளப்பட்ட நாட்களிலே ஐயருடைய பாதுகாப்பிலே வளர்ந்த பிள்ளை. அதே வருஷத்திலே தஞ்சையின் ராஜாவானார். அவர் தம்முடைய மதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஐயருக்காக ஜான் பிளாக்ஸ்மன் என்கிற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லிலே ஒரு நினைவுச் சின்னம் செய்வித்தார். சிவகங்கைப் பூங்கா அருகிலே இருக்கிற ஆலயத்திலே இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். மரணப் படுக்கையிலே கிடக்கிற ஐயரின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேறு விசுவாசத்திலே இருந்த ஒரு ராஜா, நம்முடைய விசுவாசத்துக்காரர் ஒருவரைப் பற்றி, இவரை நம்பினேன், இவர் என்னைக் கைவிடவில்லை என்று கல்லிலே எழுதி வைத்த சாட்சி அது.

தேவ ஜனமே, நம்ம தெருவிலே நம்மைப் பற்றி என்ன சாட்சி இருக்கிறது? "அவங்க ஜெபக்காரங்க" என்று சொல்லுகிறார்களா? சந்தோஷம். "அவங்க சொன்னா நம்பலாம்" என்றும் சொல்லுகிறார்களா? நம்முடைய ஒரு வார்த்தையை நம்பி, ஒரு ஏழை தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவானா? வந்தால், அதுதான் மாயமற்ற அன்பு.

தியானிக்க, குடும்ப ஜெபத்திலே பேசிக்கொள்ள:

1. இந்த வாரம் நான் கொடுத்த வாக்குகள் என்னென்ன? எதை நிறைவேற்றினேன்?
2. யாருக்காவது கூலியோ கடனோ என் கையிலே தங்கியிருக்கிறதா? எந்தத் தேதிக்குள் கொடுப்பேன்?
3. என் வீட்டிலே யாருக்கு நான் எதை மறைக்கிறேன்?
4. சபையிலே 'சகோதரன்' என்று கூப்பிட்டு, வெளியிலே அப்படி நடத்தாதவர் யாராவது உண்டா?
5. உண்மையைச் சொல்லுகிறேன் என்று நான் புண்படுத்தினவர் யார்? எப்படி ஒப்புரவாகலாம்?

மனப்பாடம் செய்ய: ரோமர் 12:9, சங்கீதம் 15:4.

ஜெபம்: அன்புள்ள பரம தகப்பனே, எங்கள் வாயிலே இருக்கிற அன்பை எங்கள் கைக்கும் கொண்டு வாரும். எங்கள் தராசையும், எங்கள் கணக்குப் புத்தகத்தையும், எங்கள் வீட்டுப் பேச்சையும் சுத்தப்படுத்தும். நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல்லைக் காக்கிற பலத்தைத் தாரும். எங்களை நம்பி வருகிற ஒருவரும் வெட்கப்பட்டுப் போகாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்திலே கேட்கிறோம் பிதாவே. ஆமென்.